ஏழாவது கட்டம்

லேப் ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு ஏழு கட்டங்கள். வெப்பநிலை, அழுத்தம், எடை, அடர்த்தி, நிறம், நேரம் என்று ஆறை நானே நிரப்பிவிடுவேன். யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி நிரப்புவேன். ஏழாவது கட்டம் வாசனை. அதை மட்டும் அங்கயற்கண்ணியைப் பார்த்துக் காப்பியடிப்பேன்.

எனக்கு மூக்கு வேலை செய்யாது. பதினோரு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கொளச்சலில் பிறந்து மீன் நாற்றம் தெரியாமல் வளர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. கருவாடு கட்டுகிற வேலை என்றால் முதலில் 'ஜெனிட்டாவைக் கூப்பிடு' என்பார்கள். ஆனால் கருங்கோட்டுமலை ராணுவ அகாடமியில் வேதிப் பொறியியல் படிக்க வருகிறவளுக்கு இது பெரிய விஷயம். வாயு கசிந்தால் மோப்பம் பிடிக்கத் தெரியாதவளுக்கு அங்கே இடம் கிடையாது.

மருத்துவச் சோதனையில் ஐந்து குப்பிகளை வரிசையாக நீட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் எதற்கு முகம் சுளித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்தபோது அதே இடத்தில் சுளித்து, அதே இடத்தில் சிரித்தேன். அம்மோனியா மட்டும் உண்மையாகவே குத்தியது. அது யாரையும் விடாது. தேறிவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து அதிகாரியாகப் போகிற முதல் ஆள் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தாராம். அதற்காகவே எந்தப் பொய்யையும் சொல்லத் தயாராக இருந்தேன்.

அந்த முன்னால் நின்ற பெண்தான் அங்கயற்கண்ணி. உசிலம்பட்டிப் பக்கம். ஒரே அறையில் எங்களைப் போட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே பெட்டியைத் திறக்காமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"நான் இங்க படிக்க வரல புள்ள. தொண்ணூறு நாளு இருந்துட்டுப் போக வந்திருக்கேன்."

அகாடமியின் விதி அது. தொண்ணூறாவது நாள் மாலை ஆறு மணிக்குள் கைப்பட ஒரு கடிதம் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினால் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு மேல் பத்து வருஷம் அசைய முடியாது.

"பிறகு எதுக்கு வந்த?" என்றேன்.

"எங்கப்பா ரிட்டையர்டு ஹவில்தாரு. 'தொண்ணூறு நாளு இருந்து பாரு, பிடிக்கலன்னா வந்துரு'ன்னாரு. அவருக்கு நான் பட்டாளத்துக்குப் போறது முக்கியமில்ல, வீட்ட விட்டுப் போறதுதான் முக்கியம். எங்கக்காவுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. நானும் அவளும் சின்னதுலருந்து கையாலயே ஒரு பாஷை உண்டாக்கி வச்சிருக்கோம். அது வேற யாருக்கும் தெரியாது. அவ ஒண்ணு வேணாம்னா, அத ஊருக்குச் சொல்ற வாயி நான்தான். நான் இல்லாத நேரம் பாத்து அவள எவனுக்காச்சும் பேசி முடிச்சிரணும், அதான் அவரு திட்டம்."

"அக்கா பேரு என்ன?"

"பேச்சியம்மா."

நான் சிரித்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவளும் சிரித்தாள். "வைக்கும்போது தெரியாதுல்லடி" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒருவேள நான் மனசு மாறிட்டேன்னா, முடியப் பிடிச்சு இழுத்தாச்சும் என்னைய வெளிய தள்ளிரு. சத்தியம் பண்ணு."

மருத்துவரையே ஏமாற்றியவளுக்குச் சத்தியம் ஒரு பாரமா? பண்ணிக் கொடுத்தேன்.

முதல் பத்து நாள் அந்த விடுதியே அழுதது. குளியலறையில் ஒருத்தி, மாடிப்படியில் ஒருத்தி, சாப்பாட்டுத் தட்டில் ஒருத்தி. பன்னிரண்டாம் நாளோடு அழுகை நின்றது. ஒருவர் இருவருக்கில்லை, எல்லாருக்கும். அணிவகுப்பு முடித்து அறைக்குள் வந்ததும் அங்கயற்கண்ணி கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். "ரூம்ல ஒரு நல்ல வாசம் வருதுல்ல?" என்பாள். "ஆமா" என்பேன். வாசனை பற்றி யார் என்ன கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது ஒன்றுதான்.

எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். மலையில் காற்றுச் சத்தம் கேட்டால் அலையென்று நினைத்து எழுந்துவிடுவேன். அம்மா நினைப்பு வந்தால் வாசல்வரை போய்த் திரும்புவேன். மற்ற எல்லாரும் நிம்மதியாகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பார்கள். எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது, நான் ஒருத்திதான் கோழை என்று நினைத்து வெட்கப்பட்டேன். "கடற்கரைக்காரிக்கு மலை ஒத்துக்கல போல" என்று வராந்தாவில் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அறுபத்தாறாம் நாள் லேபுக்குத் துறைத் தலைவர் கர்னல் ருக்மாங்கதன் நேரில் வந்தார். நீராவி வடிப்பு முடிந்திருந்தது. ஆளுக்கொரு குப்பியில் நிறமில்லாத ஒரு திரவத்தை அவரே வைத்துக்கொண்டு போனார். "ஏழாவது கட்டத்தைக் கவனமா எழுதுங்க" என்று மட்டும் சொன்னார். அங்கயற்கண்ணி முகர்ந்தாள், எழுதினாள். மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. நான் படித்துக்கூடப் பார்க்காமல் அவள் எழுதியதை அப்படியே எழுதி ரெக்கார்டைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கர்னல் அறைக்கு வரச் சொன்னார்கள்.

மேசையில் ரெக்கார்டுகள் அடுக்கியிருந்தன. கர்னல் ருக்மாங்கதன் ஐம்பதை நெருங்கியவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, குரலிலும் இருக்காது. என்னுடையதைத் திறந்து வாசித்தார்.

"அவிச்ச மொச்சை. ஆட்டுக்கொட்டகை. அக்கா தலைக்கு வைக்கிற வேப்பெண்ணெய். உங்க ஊர் எது?"

"கொளச்சல் சார்."

"வீட்ல ஆடு உண்டா?"

"இல்ல சார். மீன்தான்."

"அக்கா?"

"நான்தான் சார் மூத்தவ."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். கப்பல் ஏறப் போகிறது மானம், பங்குச் சாமியார் அடுத்த பூசையில் என்ன அறிவிப்பாரோ என்றுதான் முதலில் தோன்றியது.

"உட்கார்" என்றார். "நாப்பத்தொரு பேருக்கும் ஒரே குப்பிதான். ஒருத்தன் ரம்ஜான் கஞ்சின்னு எழுதியிருக்கான். ஒருத்தி அவங்க அப்பாவோட தையல் மெஷின் எண்ணெய்னு எழுதியிருக்கா. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எழுதல. நீ மட்டும்தான் இன்னொருத்தி எழுதினதை எழுதியிருக்கே. இந்தக் கட்டத்தை ரெக்கார்டுல சேர்த்ததே நான்தான், உன்னை மாதிரி மோப்பம் வராத ஒருத்தரைக் கண்டுபிடிக்க. ஆறு வருஷம் ஆச்சு."

எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் ஒரு வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னார்.

"மத்த புலன்கள் எல்லாம் மூளையில நாலு இடம் சுத்தித்தான் மனசுக்குப் போகும். மூக்குக்கு மட்டும் குறுக்கு வழி. பதினாலாம் சேர்மம்னு ஒண்ணு இங்க செஞ்சோம். அது அந்த வழியில போய் ஒரே ஒரு தகவலைச் சொல்லும். 'நீ வீட்லதான் இருக்கே.' என்ன வீடு, யார் வீடுன்னு அதுக்குத் தெரியாது. அதை அவங்கவங்க மூளையே நிரப்பிக்கும். அவ்வளவுதான். வீட்ல இருக்கிறவனுக்கு வீட்டு ஞாபகம் எதுக்கு வரப்போகுது?"

"அதை எங்க சார் வைக்கிறீங்க?"

"விடுதி, வகுப்பு, சாப்பாட்டுக்கூடம், எல்லாக் கூரைக் குழாயிலயும். முன்னெல்லாம் தொண்ணூறு நாளுக்குள்ள மூணுல ஒரு பங்கு கிளம்பிப் போயிடும். ஆறு வருஷமா ஒரு கடிதம் வரல."

"எங்ககிட்ட கேக்கவே இல்லியே சார்."

"இல்ல" என்றார். "என் மனைவியும் பொண்ணும் திருச்சியில இருக்காங்க. நானும் ஆறு வருஷமா போகல. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல." பஸ் நேரம் சொல்கிற குரலில் அதைச் சொன்னார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மருத்துவச் சோதனையில் ஏமாற்றியதற்கு என்னை அன்றே அனுப்பலாம், வழக்கும் போடலாம். அதற்குப் பதிலாக, அந்தச் சேர்மத்தைச் செய்கிற சின்ன ஆலையை நான் கவனித்துக்கொள்ளலாம். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அதிலேயே கிறங்கிப்போய்விடுகிறார்கள், அளவு கூடினால்கூட அவர்களுக்குத் தெரிவதில்லை. கிறங்காத ஒரு ஆள் வேண்டும். வெளியே மூச்சு விடக் கூடாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அங்கேயே ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பவில்லை, அதிகாரியாகவும் ஆகலாம், அதோடு நான் கோழையும் இல்லை. அறைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. அங்கயற்கண்ணிக்குச் செய்து கொடுத்த சத்தியம் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

எழுபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாரம் பதினைந்து நிமிடம் வீடியோவில் வீட்டோடு பேசலாம். பேச்சியம்மாள் திரையில் வந்தாள். பத்து வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் அந்தக் கை பாஷையில் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அன்று அவள் கை நிற்கவே இல்லை. மீசை முறுக்கிக் காட்டினாள், முதுகை வளைத்துக் காட்டினாள், விரலில் மோதிரம் போட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் திரையைப் பார்த்துத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அங்கயற்கண்ணி புன்னகையோடு எனக்கு மொழிபெயர்த்தாள். "இன்னும் ரெண்டு வாரத்துல நிச்சயமாம். அவருக்கு நாப்பத்தஞ்சு வயசாம், ரெண்டாந்தாரம். வேணாங்குறா."

"நீ எப்பம் கிளம்புற?"

"எங்க கிளம்ப?"

"வீட்டுக்குத்தாம்ட்டி! அக்காவுக்காவச் சொல்ல ஆளு வேண்டாமா?"

"அக்கா பக்கத்து ரூம்லதான இருக்கா" என்றாள். "சாயங்காலமா பேசிக்கிறேன்." திரையில் பேச்சியம்மாள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம் முடிந்து திரை அணைந்தது. இவள் எழுந்து துணி மடிக்கப் போனாள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கர்னல் மூச்சு விடக் கூடாது என்றார், நான் மூச்சு விடாமல் சொன்னேன். குழாய், சேர்மம், மூக்கு, என் பொய், எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரிடி, இருக்கட்டும். நல்ல வாசந்தான?" என்றாள். புத்திக்கு எல்லாம் ஏறியது. மனசுக்குத்தான் ஏறவில்லை. வீட்டில் இருக்கிறவளிடம் வீட்டுக்குப் போ என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் உட்கார முடியாமல் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் "உனக்கு என்ன அரிப்பா?" என்றான்.

முகமூடிதான் வழி என்று கடைசியில் பட்டது. வாயுத் தாக்குதல் பயிற்சிக்கு எங்களிடம் கரி வடிகட்டி வைத்த முகமூடிகள் உண்டு. வழக்கமாக அரைமணி நேரம் மாட்டுவோம். சேர்மத்தின் பிடி இறங்க ஏழு மணி நேரம் ஆகும் என்று ஆலைக் குறிப்பில் படித்திருந்தேன். எழுபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கர்னலிடம் போய், கூரைக் குழாயில் வடிகட்டி அடைத்திருக்கிறது, சுரண்ட வேண்டும், எட்டு மணி நேர வேலை, கூட ஒரு ஆள் வேண்டும் என்றேன்.

"யாரு?"

"அங்கயற்கண்ணி சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடி ஏறினோம். முகமூடி மாட்டிக்கொண்டு தகரத்தைச் சுரண்டினோம். நன்றாக இருந்த வடிகட்டியைத்தான் சுரண்டினோம், அது அவளுக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். வெயில் ஏறியது. ஐந்தாவது மணி நேரத்தில் பாட்டு நின்றது. ஆறாவதில் கை நின்றது.

"ஜெனிட்டா, இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"எண்பது."

அப்படியே தகரத்தின் மேல் உட்கார்ந்தாள். பிறகு தோள் குலுங்கியது. முகமூடிக் கண்ணாடி உள்ளிருந்து மங்கியது. கழற்றப் போனாள். நான் பாய்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாத. கீழ இருந்து வருது. கழட்டினா இந்த அழுக நின்னுபோவும்."

"நிக்கட்டும்டி. தாங்க முடியல. நெஞ்சு பிளக்குது."

"தாங்கு."

"அன்னைக்கு எங்கக்கா அழுதால்ல. நான் என்னடி செஞ்சேன்? சிரிச்சேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சிரிச்ச" என்றேன். அவள் ஒரு சத்தம் போட்டாள். முகமூடிக்குள்ளிருந்து வந்ததால் அது மனுஷச் சத்தமாக இல்லை. அவள் என்னை அடித்தாள், நான் வாங்கிக்கொண்டேன். அப்புறம் காகிதம் கேட்டாள். கையுறையோடு, பென்சிலால், தகரத்தில் வைத்து நாலு வரி எழுதினாள்.

முகமூடியோடேயே கர்னல் அறைக்குப் போனோம். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். "மூணு மணிக்குப் பஸ் இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் முதல் கடிதம், அதற்கு ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு அது உறுத்தியது. ஆனால் சந்தோஷத்தில் உறுத்தலைத் தள்ளிவிட்டேன். வாயிற்கதவுவரை அவள் முகமூடியைக் கழற்றவில்லை. பஸ் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக அதை என்னிடம் கொடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் அழுத முகத்தைப் பார்க்கிறேன், அழகாக இருந்தாள்.

எண்பத்துநாலாம் நாள், நிச்சய ஞாயிறு. சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன்டி. சபைல நின்னு, அக்கா கையப் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணாச் சொன்னேன். 'இந்த ஆளு வேணாம், என்னைய யாரும் கேக்கல'ன்னு அவ சொன்னத அப்படியே சொன்னேன். மாப்பிள்ள வீட்டுக்காரக எந்திரிச்சுப் போயிட்டாக. எங்கப்பா மூஞ்சில ஈயாடல."

நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிறவு ஏன்ட்டி உனக்கக் குரலு இப்படி இருக்கு?"

"இது எங்க வீடு இல்ல ஜெனிட்டா."

"என்ன சொல்லுக?"

"அடுப்படில மொச்ச அவியுது. பக்கத்துலயே நின்னேன். ஒண்ணுமே வரல. கொட்டகைக்குப் போனேன். ஆடு ஆடா நிக்குது, அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சு அக்கா ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. யாரோ ஒரு பொம்பள கட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்துச்சுடி. அத அவகிட்ட எப்படிச் சொல்ல? அதுக்குக் கையில ஒரு சாடைகூட எங்ககிட்ட இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "என்னைய திரும்பச் சேத்துக்கிருவாகளா? வீடு அங்கதான இருக்கு."

தொண்ணூறாம் நாள் மத்தியானம் வரை பொறுத்தேன். எப்படிப் பொறுத்தேன் என்று தெரியவில்லை. பிறகு என் ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கர்னல் அறைக்குப் போனேன். அனுமதி கேட்கவில்லை, சல்யூட் அடிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும், இல்லியா சார்?"

"தெரியும். இங்கிருந்து லீவுல போன எல்லாருமே ரெண்டாம் நாள் திரும்பி வந்துட்டாங்க. சேர்மம் உண்மையான வீட்டோட இடத்தை எடுத்துக்குது. அப்புறம் உண்மையான வீடு உள்ளே வர இடமில்ல."

"பிறவு அவளை ஏன் போக விட்டீங்க?"

"அக்காவுக்கு வாய் வேணும்னு எழுதியிருந்தா. வாசிச்சேன். எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா தோணணும்னு தெரிஞ்சுது."

"நான் ஆலையை மூடப் போறேன். வால்வை அடைச்சிட்டு வீட்டுக்குப் போறேன். என்ன வேணா செய்யுங்க."

அவர் கோபப்படவில்லை. "மூடலாம். இன்னும் இருநூத்தி முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க. நாளைக்குக் காலையில அவங்க அத்தனை பேருக்கும் அவளுக்கு ஆனதுதான் ஆகும். அங்கயும் வீடு இல்ல, இங்கயும் வீடு இல்ல."

அறைக்குள்ளேயே நடந்தேன், ஜன்னல்வரை போனேன், திரும்பினேன். சூடான கலனை ஒரே அடியாக அணைத்தால் விரிசல் விடும், படிப்படியாக இறக்க வேண்டும் என்று முதல் வாரமே எங்களுக்கு வகுப்பெடுத்தவர் அவர். அதைத்தான் அவரிடம் திருப்பிச் சொன்னேன்.

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா? உடம்புக்குத் தெரியாம, நாளுக்கு ஒரு இம்மி. அந்த இடம் காலியாகக் காலியாக, பழசு திரும்பி வருமா?"

"தெரியாது. யாரும் செஞ்சு பார்க்கல."

"ஆறு வருஷமா நீங்க ஏன் சார் செஞ்சு பாக்கல?"

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதம். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. அவர் கையெழுத்துதான், ஆனால் வரிகள் கோணிப்போய், நடுவில் மை கலைந்திருந்தது. 'மூக்கு வேலை செய்யாத ஒருவரைக் கண்டுபிடி. வால்வுச் சாவியை அவரிடம் கொடு. அவர் சொல்வதைக் கேள். இது உத்தரவு. ருக்மாங்கதன்.'

"நானே எனக்கு எழுதினது" என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னால, எட்டு மணி நேரம் முகமூடி போட்டுக்கிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கேன். ஏன் எழுதினேன்னு இப்ப எனக்குத் தெரியல. சாவியை எடுத்துக்கிட்டு நானே வால்வுகிட்டப் போயிருக்கேன், பல தடவை. போய் நின்னதும், இதை எதுக்குத் திருப்பணும், வீட்ல நல்லாத்தானே இருக்கோம்னு தோணும். திரும்பி வந்துடுவேன். ஆனா உத்தரவு உத்தரவுதான். எழுதினவன் அழுதிருக்கான். அவன் சொன்னா ஏதோ காரணம் இருக்கும்."

எழுந்து நின்றார். நிமிர்ந்து, கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். பத்தொன்பது வயதுப் பெண்ணின் முன்னால் ஒரு கர்னல் அப்படி நிற்பதைப் பார்த்து நானும் நிமிர்ந்து நின்றேன்.

"சொல்லு கேடட். என்ன செய்யணும்?"

மணி நாலரை. அவர் மேசையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒருத்தருக்கும் பிடி நழுவாத அளவுக்கு, ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைக்கலாம் என்று. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் ஒன்பது வருஷமும் நாலு மாதமும் வந்தது. தினமும் ஒரு கை அந்த வால்வில் இருக்க வேண்டும். கிறங்காத கை. ஒருநாள் விட்டால்கூட அளவு ஏறலாம். லீவு என்று ஒன்று கிடையாது. புதிதாக வருகிற கேடட்டுகள் எல்லாம் அழுவார்கள், அழுது கிளம்புவார்கள், அவர்கள் கடிதங்களில் கர்னல் கையெழுத்துப் போட வேண்டும். அங்கயற்கண்ணிக்கு வாரம் ஒரு சின்னக் குப்பி தபாலில் போக வேண்டும், ஒவ்வொன்றும் முந்தினதைவிட நீர்த்ததாக.

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. அந்த மலையில் திரும்பிப் போக வீடு என்று ஒன்று மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் போக வேண்டும்போல இருந்தது. படுக்கையில் மணல் நெருநெருக்கிற அந்த வீட்டுக்கு, அம்மா எல்லாரையும் கத்திக்கொண்டே இருக்கிற அந்த வீட்டுக்கு, அன்றைக்கே, அப்போதே போக வேண்டும்போல இருந்தது. கர்னல் முன்னாலேயே அழுதேன். அவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், தான் மறந்துபோன ஒரு வேலையை யாரோ செய்து காட்டுகிற மாதிரி.

"உங்க ரூம் குழாயிலருந்து ஆரம்பிக்கேன் சார்" என்றேன். "இன்னைக்கே."

"யெஸ்" என்றார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கர்னல் மேசை போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் பின்னால் கடல் இரைந்தது.

"எப்பம் வாற மக்களே? இன்னைக்குத்தானே கடைசி நாளு? வந்துருவேன்னு போன ஞாயித்துக்கிழம சொன்னியே."

எனக்குப் பொய் புதிதில்லை. அன்றைக்கு வரவில்லை.

"வர முடியாதும்மா. பத்து வருசம் ஆவும்."

அந்தப் பக்கம் அலை இரண்டு தடவை அடித்தது.

"அங்க உள்ளவியெல்லாம் நல்லா இருக்காவளா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. எனக்குத்தான் வீட்டுக்கு வரணும்போல இருக்கும்மா."

"அதுக்கென்ன மக்களே" என்றாள். மூக்கைச் சேலையில் துடைக்கிற சத்தம் கேட்டது. "நாங்க எங்க போவப் போறோம்? இங்கனதான் இருப்போம். நீ மெதுவா வா."

ஆறு மணி அடித்தது. போனை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினேன்.